பொதுத்தேர்வு மாதத்தில் ஒரு களப்பணியாளரின் நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு இன்று தொடங்கிவிட்டது. குழந்தைகள் பாதுகாப்பில் வேலை பார்க்கும் எங்களுக்கு இதோடு இன்னொரு பருவமும் ஆரம்பம். தேர்வு முடிந்த கையோடு பதினெட்டு வயது ஆகாத பெண்பிள்ளைக்குக் கல்யாணம் பேசுவது கிருஷ்ணகிரி மாவட்டத்தில், அதுவும் தளி, அஞ்செட்டி பக்கத்து மலைக்கிராமங்களில், இன்னும் நிற்கவில்லை. கோடை விடுமுறை வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-லிருந்து எங்களுக்கு வரும் தகவல்கள் கூடும், ராத்திரி பதினோரு மணிக்கு "நாளைக்கு விடிகாலை முகூர்த்தம்" என்று யாரோ சொல்லுவார்கள், ஓட வேண்டும். போன வருடம் இந்தப் பருவம் முடிந்தபோது எங்கள் அணியில் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டார்கள். இருவருமே நல்ல பணியாளர்கள். அதனால் இந்த வருடம் ஓட்டம் தொடங்கும் முன்பே, நாங்கள் உடைந்துபோகாமல் இருக்க என்ன செய்கிறோம் என்பதை எழுதி வைக்கிறேன். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்துப் புதிதாக வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு உதவலாம்.

குழந்தைகளைப் பற்றி எதுவும் இங்கே வராது. ஒரு குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் சொல்கின்றன. அது மிகவும் சரி. ஆனால் இதன் மறுபக்கத்தை யாரும் பேசுவதில்லை. நாள் முழுக்கக் கேட்டதையும் பார்த்ததையும் வீட்டுக்குப் போய் அம்மாவிடமோ கணவரிடமோ சொல்ல முடியாது. பக்கத்து வீட்டில் பேச முடியாது, தோழியிடமும் முடியாது. இந்த வேலையில் ஆளை வீழ்த்துவது துயரத்தைப் பார்ப்பதை விட, பார்த்ததை ஒற்றை ஆளாக வைத்துக்கொண்டிருப்பதுதான் என்று நான் நம்புகிறேன். இந்த மாதம் முழுக்க இதைச் சுற்றியேதான் எழுதப் போகிறேன்.

மார்ச் 5, புதன்

இன்று அறிக்கைகள் பற்றி. மீட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும், குழந்தையின் வீடு, குடும்பச் சூழலைப் பற்றிய சமூக விசாரணையை 15 நாளில் முடிக்க வேண்டும். 15 நாள் என்று கேட்டால் நிறைய மாதிரி தெரியும், ஆனால் ஒரே சமயத்தில் பல குழந்தைகளின் அறிக்கை நிலுவையில் இருக்கும்போது எந்த வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்பதே மங்கிவிடும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நினைவைத் தோண்டித் தோண்டி எழுத வேண்டும். அப்படி எழுதும்போது அந்த வீட்டுக்குள் மனதால் இன்னொரு முறை போய்வர வேண்டியிருக்கிறதே, அந்தச் சோர்வு உடம்புச் சோர்வை விடக் கொடுமையானது.

நான் செய்வது இது. திரும்பும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்ததும் நோட்டை எடுத்துவிடுவேன். வீட்டில் யார் இருந்தார்கள், அவர்கள் சொன்னது அவர்கள் வார்த்தையிலேயே (எங்கள் பக்கம் தெலுங்கும் கன்னடமும் கலந்துதான் பேசுவார்கள், அதை அப்படியே), நான் கண்ணால் பார்த்தது, அடுத்து யாரைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். பெயர், ஊர் எதுவும் கிடையாது, குறியீடு மட்டும், ஏனென்றால் நோட்டு எங்காவது தவறினாலும் குழந்தைக்கு ஆபத்து வரக் கூடாது. மறுநாள் காலை அலுவலகத்தில் இதைப் பார்த்து அறிக்கையின் பாதியைத் தட்டச்சு செய்துவிடலாம். அஞ்செட்டியிலிருந்து தேன்கனிக்கோட்டைக்கு வரும் காட்டு வழியில் பல இடங்களில் போனில் சிக்னல் இருக்காது, யாரும் கூப்பிட முடியாது, எழுதுவதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்ததில்லை.

தாசில்தார் அலுவலகம், காவல் நிலையம், தலைமை ஆசிரியர் என்று பேச வேண்டிய போன்களை எல்லாம் காலை பத்திலிருந்து பதினொன்றுக்குள் பேசி முடிப்பதும் பழகிவிட்டது. திங்கள்கிழமை மட்டும் வேண்டாம், அன்று மக்கள் குறைதீர்க்கும் நாள், அதிகாரிகள் கலெக்டர் ஆபீஸில் இருப்பார்கள், கூப்பிட்டுக் கூப்பிட்டு நமக்குத்தான் எரிச்சல் வரும்.

மார்ச் 11, செவ்வாய்

தண்ணீர். சுயபராமரிப்பு என்று பேச ஆரம்பித்தால் எல்லோரும் தியானத்துக்குப் போய்விடுகிறார்கள், நான் இங்கிருந்து தொடங்குகிறேன். களத்துக்குப் போகும் நாளில் எங்களில் பெரும்பாலான பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும், போகிற வழியில் கழிப்பறை இல்லை. மாதவிடாய் நாளில் கேட்கவே வேண்டாம். மார்ச் வெயிலில் காலை ஏழு மணிக்குக் கிளம்பி மதியம் மூன்று வரை வறண்ட வாயோடு ஒரு தாயிடம் பொறுமையாகப் பேச முடியுமா? தலைவலி, சிறுநீர்த் தொற்று, அதற்கு மருந்து, அப்புறம் எரிந்து விழுவது. இதை மனச்சோர்வு என்று எழுதிக்கொள்கிறோம், அதில் பாதிக்குக் காரணம் உடம்பில் தண்ணீர் இல்லாததுதான்.

எங்கள் அணியின் பெண்கள் சேர்ந்து ஒரு பட்டியல் போட்டிருக்கிறோம். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் கழிப்பறை திறந்திருக்கும், எந்தப் பள்ளியில் டீச்சரிடம் கேட்டால் சாவி தருவார்கள், எந்த பெட்ரோல் பங்க் சுத்தமாக இருக்கும், எந்த அங்கன்வாடி அக்கா வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போவார். வாட்ஸ்அப் குழுவில் மேலே பின் செய்து வைத்திருக்கிறோம். புதிதாகச் சேருபவருக்கு முதல் நாளே இதைக் கொடுத்துவிடுவோம். நான் பார்த்த எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இப்படி ஒரு பக்கம் இல்லை, கட்டாயம் இருக்க வேண்டும்.

மார்ச் 18, செவ்வாய்

இன்று உலக சமூகப் பணி தினம். ஒவ்வொரு மார்ச்சிலும் மூன்றாவது செவ்வாய். ஒரு இடத்தில் பயிற்சி வைத்திருந்தார்கள், மூச்சுப்பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். மூச்சுப்பயிற்சி நல்லதுதான், நானும் செய்கிறேன். ஆனால் அதை மட்டும் சொல்லி அனுப்பியது எனக்கு வருத்தம்.

உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974-இல் 'பர்ன்அவுட்' என்கிற இந்த வேலைச் சோர்வைப் பற்றி எழுதியதே நியூயார்க்கில் ஒரு இலவச மருத்துவமனையில் தானும் தன்னார்வலர்களும் எரிந்து ஓய்ந்துபோனதைப் பார்த்துத்தான். சேவை மனம் உள்ளவர்களிடம்தான் முதலில் பார்த்தார். பிறகு இன்னொரு உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-இல் இதை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தபோது மூன்று பக்கமாகப் பிரித்தார்: உணர்வு வற்றிப்போவது, எதிரே இருப்பவரை மனிதராகப் பார்க்காமல் போவது, நான் செய்வதில் பலனே இல்லை என்று தோன்றுவது. உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் இதை நோய் என்று சொல்லாமல், வேலையிடத்தில் சரியாகக் கையாளப்படாத நீண்டகால அழுத்தத்தால் வருவது என்றுதான் சொன்னது. அப்படியென்றால் சரிசெய்ய வேண்டிய இடத்தில் வேலையிடமும் இருக்கிறது. தொகுப்பூதியத்தில், வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பித்து, 24 மணி நேரமும் போனை எடுக்க வேண்டிய ஒருவரிடம் மூச்சை இழுத்து விடு என்று மட்டும் சொல்வது போதாது.

மாஸ்லாக் சொன்ன இரண்டாவதைத்தான் நான் மிகவும் கவனிக்கிறேன். "அந்த பதினாறு வயசு கேஸ்" என்று அலுவலகத்தில் காதில் விழ ஆரம்பித்தால், சொன்னவருக்கு ஓய்வு தேவை என்று அர்த்தம். திட்டத் தேவையில்லை, ஒரு டீ வாங்கிக் கொடுத்து "ஏம்மா, எத்தனை நாளா லீவு போடல?" என்று கேட்டால் போதும். கதவைச் சாத்திக்கொண்டு எங்களுக்குள் பேசும்போது குழந்தையைப் பெயர் சொல்லித்தான் பேசுவது என்று வைத்திருக்கிறோம்.

மார்ச் 22, சனி

நேற்று மாலை எங்கள் வெள்ளிக்கிழமைப் பேச்சு. மூன்று நான்கு பேர், கதவு மூடியிருக்கும், போன்கள் வெளியே மேசையில். ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். "நீ இப்படிச் செய்திருக்கலாம்" என்று யாரும் சொல்லக் கூடாது, அவராகக் கேட்டால் ஒழிய. குழந்தைக்கு நடந்ததை விவரிக்கவும் வேண்டாம், அது கேட்பவருக்கும் ஏறும். தனக்கு என்ன ஆயிற்று என்பதை மட்டும் சொன்னால் போதும். கை நடுங்கியது, தூக்கம் வரவில்லை, என் மகளைப் பார்த்ததும் அழுதுவிட்டேன், இப்படி. வீட்டில் சொல்ல முடியாததைச் சட்டத்துக்குள் நின்றுகொண்டே இறக்கி வைக்க எங்களுக்கு இருக்கும் ஒரே இடம் இது.

இந்த வாரம் நீதிமன்றத்தில் ஒரு குழந்தையோடு உட்கார்ந்திருந்த தங்கை ஒருத்தி பேசினாள். வழக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட 30 நாளில் குழந்தையின் சாட்சியம், முடிந்த வரை ஒரு வருடத்தில் விசாரணை முடிவு என்று போக்சோவில் இருக்கிறது, ஆனால் வாய்தா வாங்கும்போது குழந்தை மறுபடியும் தயாராக வேண்டும், கூடவே நாமும். நீதிமன்றம் போன நாளில் வேறு வீட்டுக்குப் போக வேண்டாம் என்று அவளுக்கு முடிவு செய்து கொடுத்தோம். இன்னொன்றும் சொன்னோம்: கோப்பில் ஏற்கெனவே இருப்பதை முதலில் படி, குழந்தையிடம் அதையே திரும்பக் கேட்காதே. குழந்தைக்கு ஒரு வேதனை குறையும், உனக்கும் குறையும், வேலையும் சீக்கிரம் முடியும்.

எங்களால் தாங்க முடியாதபோது கூப்பிட டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழில் பேசலாம். பிறருக்கு அந்த எண்ணைக் கொடுக்கும் நாமே கூப்பிடக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

யுகாதி. வீட்டு ஓனரம்மா ஒப்பட்டு (போளி) கொடுத்துவிட்டார். தூங்கினேன், சாப்பிட்டேன், மறுபடி தூங்கினேன்.

ஏப்ரல் 3, வியாழன்

இரவு அழைப்புகளுக்கு முறை வைக்கச் சொல்லி நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதத்துக்குச் சம்மதம் வந்துவிட்டது. யார் இரவில் போன் வைத்திருக்கிறாரோ அவருக்கு மறுநாள் காலை களம் கிடையாது, பதினொரு மணிக்கு வந்தால் போதும். இதை வாங்க எங்களுக்கு உதவியது அழுகை அல்ல, பதிவேடு: எந்த இரவில் எத்தனை மணிக்கு அழைப்பு வந்தது, யார் போனார், மறுநாள் எந்த வேலை தள்ளிப்போனது என்று மாதக்கணக்கில் எழுதி வைத்திருந்தோம். கேட்கப் போகிறவர்கள் இன்றே எழுத ஆரம்பித்துவிடுங்கள்.

பத்தாம் வகுப்புத் தேர்வு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, முடிந்தால் அழைப்புகள் கூடும். திங்கள் முதல் புதன் வரை இரவு போன் என்னிடம். வியாழன் மாலை ஆறு மணிக்குத் தங்கையிடம் கொடுத்துவிட வேண்டும், சார்ஜரோடு.