அரபுக் கிளர்ச்சி ஆவணக் கேள்வி: முதலில் எழுதியவரின் நாற்காலியைத் தேடுங்கள்

போன வாரம் ரிசல்ட் வந்தது. மேற்காசிய வரலாற்றுத் தாளில் பாஸ். எனக்குக் கைகொடுத்தது ஆவணப் பகுதிதான், அதாவது அந்தக் காலத்துத் தந்தி, கடிதம், அறிக்கை ஒன்றிலிருந்து ஒரு பகுதியைக் கொடுத்து எடைபோடச் சொல்லும் கேள்விகள். இந்த முறை தலைப்பு, முதல் உலகப்போரில் உதுமானிய (துருக்கிய) அரசுக்கு எதிராக நடந்த அரபுக் கிளர்ச்சி. கட்டுரைப் பகுதியில் சுமாராகத்தான் வந்திருக்கிறது. அடுத்த செமஸ்டரில் இதே தாளை எடுக்கப்போகும் சிலர் கேட்டதால் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை.

ஆவணப் பகுதிக்கு ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கொடுத்திருக்கும் பகுதி என்ன சொல்கிறது என்பதை அப்புறம் பார்க்கலாம். அதை எழுதியவர் எந்த ஊரில், எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அவருக்கு மேலே இருந்தவர் யார், செய்தி அவருக்கு எந்த வழியில் வந்தது? பதிலின் முதல் நான்கைந்து வரிகள் இதற்குத்தான். மீதி எல்லாம் இதிலிருந்துதான் வர வேண்டும்.

எங்களுக்குக் கிடைத்த நோட்ஸ் எல்லாம் ஒரே கதையைச் சொன்னது: மக்காவின் ஷரீஃபாக (உதுமானியரின் கீழ் மக்காவின் தலைவர்) இருந்த ஹுசைனுக்கு அரபு சுதந்திரம் பற்றி பிரிட்டன் வாக்குக் கொடுத்தது, பிறகு பிரான்சோடு சேர்ந்து சைக்ஸ்–பிக்கோ என்ற ரகசிய ஒப்பந்தம் போட்டு ஏமாற்றியது, அவ்வளவுதான். கதை பொய்யில்லை. ஆனால் அது தேர்வாளருக்கும் தெரியும். 1915-ல் எழுதிய ஒரு தந்தியைக் கையில் கொடுத்துவிட்டு அவர் கேட்பது 1917-ல் வெளியே வந்த துரோகத்தை அல்ல. அந்தத் தந்தியை எழுதியவருக்கு அன்று என்ன தெரியும் என்றுதான் கேட்கிறார். நோட்ஸில் இந்த வேறுபாட்டுக்கு ஒரு பத்திகூட இல்லை என்பதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

1916 ஜூன் 5-ல் மதீனாவுக்கு வெளியே ஹுசைனின் மகன்கள் அலியும் ஃபைசலும் கிளர்ச்சியில் இறங்கினார்கள். ஜூன் 10-ல் மக்காவில் ஹுசைனே தொடங்கினார். கெய்ரோவிலிருந்து போன பிரிட்டிஷ் அதிகாரிகள் ஸ்டோர்ஸ், ஹோகார்த், கார்ன்வாலிஸ் மூவரும் ஜூன் 6-ல் ஜித்தாவுக்கு அருகே கடற்கரையில் ஹுசைனின் இளைய மகன் ஸைதைச் சந்திக்கிறார்கள். இன்னொரு மகன் அப்துல்லாவை எதிர்பார்த்துப் போனவர்கள் அவர்கள். கிளர்ச்சிக்கு ஆதரவு திரட்டியவர்களே அதைப் பற்றிக் கரையில் நின்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மக்காவுக்குள் முஸ்லிம் அல்லாதவர் போக முடியாது. ஜித்தாவில் பிரிட்டனின் பிரதிநிதியாக இருந்த கர்னல் வில்சனுக்கு வெளியே சொன்ன பதவி 'ஹஜ் பயண அதிகாரி'. ஹுசைன் மக்காவிலிருந்து டெலிபோனில் பேசுவார், கடிதம் அனுப்புவார், முஸ்லிம் முகவர்கள் வந்து சொல்வார்கள். அதனால் "மக்காவில் நிலைமை இப்படி" என்று தொடங்கும் எந்த பிரிட்டிஷ் அறிக்கையும் கேள்விப்பட்டதை எழுதியது. இதை ஒரு வரியில் எழுதினாலே உங்கள் பதில் மற்றவர்களிடமிருந்து தனியாகத் தெரியும்.

அடுத்தது கெய்ரோவும் இந்திய அரசும். இரண்டும் பிரிட்டன்தானே என்று எழுதிவிடாதீர்கள். கெய்ரோவில் எகிப்தின் பிரிட்டிஷ் உயர் ஆணையர் மக்மஹோன், உளவுத் தலைவர் கிளேட்டன், 1916 தொடக்கத்தில் அமைந்த அரபு பீரோ (அரபு விவகார உளவு அலுவலகம்). இவர்களுக்கு மேலே லண்டனில் வெளியுறவு அலுவலகம். துருக்கியின் கலிபோலியில் பிரிட்டன் தோற்றுக்கொண்டிருந்த நேரம், உதுமானியரை உள்ளிருந்து உடைக்க அரபுகள் வேண்டும். மறுபக்கம் இந்தியாவின் வைஸ்ராயும் லண்டனில் இருந்த இந்தியா அலுவலகமும். இராக்கின் பாஸ்ராவை 1914 நவம்பரில் பிடித்தது இந்தியாவிலிருந்து போன படை. பாக்தாத், பாஸ்ரா மாகாணங்களைப் பற்றி மக்மஹோன் ஹுசைனுக்கான கடிதத்தில் ஏதோ எழுதுகிறார் என்றதும் வைஸ்ராய் ஹார்டிங் கொதித்தார். கலீஃபாவாக இருந்த உதுமானிய சுல்தானுக்கு எதிராக மக்காவின் ஷரீஃப் எழுந்தால் இந்திய முஸ்லிம்கள் என்ன நினைப்பார்கள் என்ற பயமும் இருந்தது, அது வீண் பயமும் அல்ல. வளைகுடாவில் இந்திய அரசின் அதிகாரி பெர்சி காக்ஸ் 1915 டிசம்பர் 26-ல் உடன்படிக்கை செய்தது ஹுசைனோடு அல்ல, நடு அரேபியாவின் நஜ்தை ஆண்ட இப்னு சவூதோடு. ஆக, ஹுசைனை 'அரபுகளின் தலைவர்' என்று காட்டும் அறிக்கை கெய்ரோவிலிருந்து வந்திருக்கும், 'ஹிஜாஸின் (மக்கா, மதீனா இருக்கும் பகுதி) ஒரு தலைவர்' என்று அளவாகப் பேசுவது பெரும்பாலும் இந்தியப் பக்கத்துக் கோப்பு. பெயரில்லாத பகுதி வந்தால்கூட இதை வைத்து நாற்காலியை ஊகிக்கலாம்.

எனக்கு வந்த கேள்விகளில் ஒன்று 1915 அக்டோபர் காலத்துக் கெய்ரோ செய்தி. அல்-ஃபாரூக்கி விவகாரம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், திரும்பத் திரும்ப வரக்கூடிய இடம் இது.

முகம்மது ஷரீஃப் அல்-ஃபாரூக்கி உதுமானியப் படையில் இருந்த இளம் அரபு அதிகாரி. கலிபோலி முனையில் இருந்து தப்பி பிரிட்டிஷாரிடம் வந்து சேர்ந்தார். கெய்ரோவில் கிளேட்டன் அவரை விசாரித்தார். அல்-அஹ்த், அல்-ஃபதாத் என்ற அரபு தேசிய ரகசியச் சங்கங்கள் மிகவும் பலமானவை, பிரிட்டன் உடனே பதில் சொல்லாவிட்டால் அவை ஜெர்மனி பக்கம் போய்விடும் என்றார் அவர். டமாஸ்கஸ், ஹோம்ஸ், ஹமா, அலெப்போ என்ற நான்கு சிரிய ஊர்கள் பேச்சின் மையத்துக்கு வருவதும் இந்த நாட்களில்தான். கெய்ரோ அதை லண்டனுக்கு அவசரமாக அனுப்பியது. மக்மஹோனுக்குப் பேச இடம் கொடுத்து வெளியுறவுச் செயலாளர் கிரே தந்தி அனுப்பினார். 1915 அக்டோபர் 24-ல் மக்மஹோன் ஹுசைனுக்கு எழுதிய கடிதத்தில் அந்த நான்கு ஊர்களும் எல்லைக் கோடாக வந்து நின்றன: அவற்றுக்கு மேற்கே இருப்பது வாக்குறுதியில் சேராது. பாலஸ்தீனம் வாக்குறுதிக்குள் வருமா வராதா என்ற சண்டை அதற்குப் பிறகு பல தலைமுறைக்கு ஓடியது.

ஒரு ஆளின் வாய்மொழி. அவர் யாருக்கும் அதிகாரப்பூர்வப் பிரதிநிதி அல்ல. சங்கங்களின் பலத்தை அவர் பெரிதாக்கிச் சொன்னார், அப்போது கெய்ரோவால் அதைச் சரிபார்க்க முடியவில்லை. ஆனால் கெய்ரோவுக்கு அந்த நேரத்தில் அதை நம்ப வேண்டிய தேவை இருந்தது. நான் பதிலில் அழுத்தமாக எழுதியது இந்தக் கடைசி வரியைத்தான்.

பயிற்சிக்கு ரபேக் துறைமுகப் பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள். 1916 இலையுதிர் காலத்தில் மதீனாவிலிருந்து துருக்கியப் படை இறங்கி மக்காவை நோக்கி வந்தால் இடையில் இருப்பது ரபேக். அங்கே ஐரோப்பியப் படையை இறக்கலாமா? ஒரே ஊர், ஒரே கேள்வி:

கார்ட்டூமில் சூடான் ஆளுநர் விங்கேட்: படை வேண்டும்.
ஜித்தாவில் வில்சன்: வேண்டும்.
பிரெஞ்சு ராணுவக் குழுத் தலைவர் பிரேமோன்: வேண்டும், அவர் காரணம் வேறு.
எகிப்தில் தளபதி மர்ரே: சினாய்ப் போருக்கே ஆள் போதவில்லை, வேண்டாம்.
ஃபைசலைப் பார்த்துத் திரும்பிய பிரிட்டிஷ் உளவு அதிகாரி லாரன்ஸ்: கிறிஸ்தவப் படை இறங்கினால் பழங்குடிகள் கலைந்துவிடுவார்கள், வேண்டாம். மர்ரேக்கு இது தேன் மாதிரி.

பிரிட்டிஷ் தரைப்படை கடைசியில் போகவில்லை. யார் சரி என்று தீர்ப்பு எழுதாதீர்கள். ஒவ்வொருவரும் ஏன் அப்படி எழுதினார்கள் என்று இரண்டு வரி போதும்.

இனி நான் படித்ததிலேயே என்னை அதிகம் உலுக்கிய விஷயம். பெய்ரூட்டில் பிரெஞ்சு துணைத்தூதராக இருந்த ஜார்ஜ்-பிக்கோ 1914-ல் ஊரை விட்டுக் கிளம்பியபோது காகிதங்களை எரிக்கவில்லை, விட்டுவிட்டுப் போனார். பிரான்சின் உதவி கேட்டு வந்த அரபுப் பிரமுகர்களின் பெயர்கள் அதில் இருந்தன. உதுமானிய அதிகாரிகள் அதைக் கண்டெடுத்தார்கள். சிரியாவை ஆண்ட உதுமானியத் தளபதி ஜமால் பாஷா 1915 ஆகஸ்டில் பெய்ரூட்டில் சிலரைத் தூக்கிலிட்டார், பிறகு 1916 மே 6-ல் பெய்ரூட்டிலும் டமாஸ்கஸிலுமாக 21 பேரை. விசாரணைகளில் அந்தக் காகிதங்கள் சாட்சியாக நின்றன. அப்போது ஃபைசல் டமாஸ்கஸ் பக்கம்தான் இருந்தார், உயிர்ப்பிச்சை கேட்டும் நடக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் கிளர்ச்சி தொடங்குகிறது. அதே மே மாதத்தில்தான் அதே பிக்கோவின் பெயரைத் தாங்கிய ஒப்பந்தமும் முடிவாகிறது. தூதரக அறிக்கை என்றால் வரலாற்று மாணவருக்குப் படிக்கக் கிடைத்த காகிதம் மட்டும் அல்ல, அதில் பெயர் எழுதப்பட்டவரின் கழுத்தும் சேர்ந்தது. மே 6 லெபனானில் தியாகிகள் நாள், சிரியாவிலும் 2025 வரை அந்தப் பெயரில் அரசு விடுமுறையாக இருந்தது. 'தூதரக ஆவணங்களின் பயனும் வரம்பும்' என்று பொதுக் கேள்வி வந்தால் இதை எழுதாமல் வராதீர்கள்.

அமெரிக்க அறிக்கைகளை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உதுமானிய அரசு 1917 ஏப்ரலில் உறவை முறிக்கும்வரை பெய்ரூட், அலெப்போவில் அமெரிக்கத் துணைத்தூதரகங்கள் திறந்திருந்தன. பிரிட்டன், பிரான்ஸ் தூதர்கள் உள்ளே இல்லாதபோது உள்ளிருந்து எழுதியவர்கள் இவர்கள். ஆனால் ஹிஜாஸ் இவர்கள் கண்ணுக்கு எட்டாத தூரம். இவர்கள் அறிக்கைகளில் தெரிவது பஞ்சம், வெட்டுக்கிளி, அலெப்போ வழியாக விரட்டப்பட்ட ஆர்மீனியர்கள்.

தேதிகள், மனப்பாடம் செய்தே ஆக வேண்டியவை:

1915 ஜூலை 14 – 1916 மார்ச் 10: ஹுசைன்–மக்மஹோன் கடிதங்கள்
1916 மே 16: சைக்ஸ்–பிக்கோ ஒப்பந்தம்
1916 ஜூன் 6: அரபு பீரோவின் உளவுத் தொகுப்பான 'அரபு புல்லட்டின்' முதல் இதழ். ரகசியம், மிகச் சிலருக்கு மட்டும்
1916 செப்டம்பர் 22: தாயிஃபில் உதுமானியப் படை சரண்
1917 ஜூலை 6: அரபுப் படை அகபா துறைமுகத்தைப் பிடித்தது
1917 நவம்பர் 23: போல்ஷெவிக்குகள் ரகசிய ஒப்பந்தத்தை வெளியிட்டது
1918 அக்டோபர் 1: டமாஸ்கஸ் வீழ்ந்தது
1919 ஜனவரி: மதீனாவில் உதுமானியத் தளபதி ஃபக்ரி பாஷாவின் படை சரண்

கடைசி வரியைக் கவனியுங்கள். போர் முடிந்த பிறகும் மதீனா விழவில்லை. வெற்றிச் செய்தி மட்டும் அனுப்பிக்கொண்டிருந்த அறிக்கைகளை எடைபோட இது உதவும்.

படித்த முறை. நான் கூட்டமாக உட்கார்ந்து படிக்கிற ஆள் இல்லை, உங்களையும் அப்படிப் படிக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். இந்தப் பகுதிக்குத் தனிமை வேண்டும். ஒரு பெரிய தாளில் கெய்ரோ, கார்ட்டூம், ஜித்தா, பாஸ்ரா, சிம்லா (இந்திய அரசின் கோடைத் தலைநகர்), லண்டன், பெய்ரூட், அலெப்போ என்று புள்ளி வைத்து, யார் யாருக்கு எழுதினார்கள் என்று கையால் கோடு போடுங்கள். புத்தகத்தில் இருக்கும் வரைபடத்தை ஒட்டினால் மனதில் நிற்காது. லாரன்ஸைக் கடைசியில் படியுங்கள். அவரிடமிருந்து தொடங்கினால் எல்லாம் அவர் கண்ணால் தெரிய ஆரம்பித்துவிடும்.

ஹாலில் என் வரிசை இது: எழுதியவர், இருந்த இடம், பெறுநர், செய்தி வந்த வழி, அந்தத் தேதியில் தெரிந்தது, தெரியாதது. அதன் பிறகுதான் உள்ளடக்கம். சைக்ஸ்–பிக்கோவை 1916 மே மாதத்துக்கு முந்தைய ஆவணத்தின் பதிலில் கொண்டுவந்தால், 'பின்னால் நடந்தது' என்று தெளிவாகப் பிரித்து எழுதுங்கள்.

மூல ஆவணம் எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்களுக்கு: கத்தார் டிஜிட்டல் லைப்ரரியில் இந்தியா அலுவலகக் கோப்புகள் இலவசமாக இருக்கின்றன. ஹிஜாஸ் தொடர்பான ஒரு கோப்பை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படியுங்கள். ஓரத்தில் அதிகாரிகள் கையால் எழுதிய குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள், யார் யாரை நம்பவில்லை என்பது அங்கேதான் இருக்கும். கெய்ரோ பக்கம் அரபு பீரோ காகிதங்கள் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் எஃப்ஓ 882 என்ற எண்ணில் உள்ளன. அதில் அச்சான தொகுப்புகள் உங்கள் நூலகத்தில் இருக்கிறதா என்று இப்போதே கேட்டுவையுங்கள், தேர்வு நெருங்கினால் யார் கையிலாவது போய்விடும்.