தலைக்கு மேல பாருங்க, அப்பத்தா

தரையில் கிடக்கும் ஊக்கைக் குனிந்து எடுத்துக் கொடுப்பார். எதிரில் வந்து நிற்கிறவரிடம் "யாரது?" என்று கேட்பார். இதனாலேயே எங்கள் வீட்டில் ஒன்றரை வருடம், கண் சரியாகத் தெரியவில்லை என்று அப்பத்தா சொன்னதை யாரும் நம்பவில்லை. "ஊக்கு தெரியுது, மூஞ்சி தெரியலையாக்கும்" என்று அவர் காதுபடவே பேசினார்கள். நானும் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். அது இன்னும் மனதை அறுக்கிறது.

பள்ளத்தூரில் எங்கள் வீடு. அப்பத்தாவுக்கு 78 வயது. ஓலையில் கொட்டான் என்கிற கூடை முடைந்து அதில் மணி வைத்துத் தைப்பது அவர் கைவேலை. பால் கணக்கு, கொடுக்கல் வாங்கல் எல்லாம் அவர் நோட்டில்தான் இருக்கும். எழுத்து மங்குகிறது என்றார், கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போனோம். பவரை ஏற்றினார்கள். மறுபடி மங்கியது, மறுபடி ஏற்றினார்கள். மூன்று கண்ணாடி ஆகியும், விழித்திரையைக் காட்டுங்கள் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை.

கடைசியில் மேலூர் வழியாக பஸ் பிடித்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போனோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, வயதானால் வரும் மாக்குலா சிதைவு, உலர் வகை என்றார் டாக்டர். விழித்திரையின் நடுவில் இருக்கும் சின்ன இடம்தான் மாக்குலா. வாசிப்பதும் முகம் கண்டுபிடிப்பதும் அதன் வேலை. அப்பத்தாவுக்கு அது தேய்ந்துவிட்டது, சுற்றியுள்ள பார்வை அப்படியே இருக்கிறது. ஊக்கு ஓரக்கண்ணில் பட்டிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. போனது கண்ணாடியாலோ ஆபரேஷனாலோ திரும்பாது, ஆனால் இந்த நோயால் முழு இருட்டாகவும் ஆகாது என்றார். நேர்க்கோடு வளைந்து தெரிந்தால் மட்டும் உடனே வரச் சொன்னார். ஈர வகையாக மாறினால் அப்படித் தெரியுமாம், அதற்கு ஊசி மருந்து உண்டு.

அப்புறம் குறைபார்வைப் பிரிவுக்குச் சீட்டு எழுதினார். அப்படி ஒரு பிரிவு உண்டு என்பதே எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முதலிலேயே கேட்டிருப்போம். உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால் கேளுங்கள்.

கண்ணாடி போட்டும் அப்பத்தாவின் பார்வை 6/60. நல்ல பார்வை உள்ளவர் 60 மீட்டரில் படிக்கிற எழுத்தை அவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் குறைபார்வை என்று தனியாகவே ஒரு வகை இருக்கிறது. அடையாள அட்டைக்கு விண்ணப்பித்திருக்கிறோம், அது நடந்துகொண்டிருக்கிறது.

அந்தப் பிரிவில் இருந்த பெண் எடுத்ததும் கேட்டது, "பாட்டி, உங்களுக்கு எதெல்லாம் பார்க்கணும்?" அதுவரை யாரும் கேட்காத கேள்வி. "கணக்கு நோட்டு. அப்புறம் ஆள் மூஞ்சி" என்றார் அப்பத்தா.

நோட்டுக்கு 20 டயாப்டர் லென்ஸ், விளக்கோடு, காலோடு சேர்ந்தது. டயாப்டர் என்பது லென்ஸ் பவரின் அளவு, அதை நாலால் வகுத்தால் எத்தனை மடங்கு பெரிதாகும் என்று வருமாம், ஆக ஐந்து மடங்கு. பவர் கூடக் கூட லென்ஸ் வழியே தெரியும் இடம் சுருங்கும், ஒரு நேரத்தில் நாலைந்து எழுத்துதான். வீட்டுக்கு வந்து இரண்டே நாளில் "இது ஆகாது" என்று ஒதுக்கி வைத்துவிட்டார். பார்த்தால், லென்ஸை நோட்டிலிருந்து தூக்கிக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார், வாசிக்கும் கண்ணாடியையும் கழற்றியிருந்தார். இந்த வகை லென்ஸ் தாளில் உட்கார வேண்டும், வாசிக்கும் கண்ணாடியும் போட்டிருக்க வேண்டும். மதுரையில் சொன்னதை நான்தான் சரியாகக் காதில் வாங்கவில்லை. கறுப்பு அட்டையில் ஒரு வரி அளவுக்குச் சன்னல் வெட்டி நோட்டின் மேல் வைத்தோம், வரி தவறுவது நின்றது. தினம் பத்து நிமிடம் என்று ஆரம்பித்தோம். மூன்றாவது வாரம் ஒரு பக்கம் முழுக்க வாசித்தார்.

முகத்துக்கு லென்ஸ் இல்லை, பழக்கம்தான். நேராகப் பார்த்தால் முகம் இருக்கும் இடத்தில் மங்கல். கொஞ்சம் மேலே பார்த்தால் அந்த மங்கல் மேலே போய்விடும், முகம் கீழே தெரியும். "என் தலைக்கு மேல பாருங்க, அப்பத்தா" என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் என் நெற்றிக்கு மேலே பார்த்தபடி, "மூக்குத்தி எப்ப மாத்துன?" என்றார். என் குரல் உடைந்துவிட்டது.

வீட்டையும் கொஞ்சம் மாற்றினோம். வெளிச்சம் கூசும் எவர்சில்வர் தட்டில் தயிர்ச்சோறு அவருக்குக் காணாமலே போகும். இப்போது அடர்நீலத் தட்டு. வாழையிலை என்றால் சிக்கலே இல்லை. வளவுப் படி விளிம்பில் மஞ்சள் டேப் ஒட்டினோம். ஆத்தங்குடிக் கல் எவ்வளவு அழகு, ஆனால் அந்தப் பூ வேலைப்பாட்டில் படி எது, தரை எது என்று அவருக்குப் பிரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாயங்காலம் வெள்ளைச் சுவரில் பூப்பூவாக விரிவதையும், பட்டுப்பாவாடை கட்டிய பிள்ளைகள் நடப்பதையும் அப்பத்தா பல மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். புத்தி பேதலித்துவிட்டதாகச் சொல்வார்களோ என்று பயந்து வாயே திறக்கவில்லை. மதுரையில் அந்தப் பெண்தான் மெதுவாகக் கேட்டு வெளியே கொண்டுவந்தார். கண்ணிலிருந்து போதுமான சேதி வராதபோது மூளை தானாகப் படம் போடுகிறது. ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கை ஆய்வாளர் சார்ல்ஸ் போனே தன் தாத்தாவுக்கு இப்படி வந்ததை 1760-இல் எழுதி வைத்திருக்கிறார். அவர் பெயரில்தான் இதை இன்றும் சொல்கிறார்கள். பைத்தியமும் இல்லை, பேயும் இல்லை என்று கேட்டதும் அப்பத்தா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இப்போது மறைப்பதில்லை. "பிள்ளைக வந்துட்டாக, லைட்டைப் போடு ஆத்தா" என்பார். போடுவேன். கண்ணை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாலு தடவை ஓட்டிவிட்டு, "போயிட்டாக" என்று சொல்லி நோட்டைக் கேட்பார்.