கடல் தள்ளிப்போன ஊர்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற பஸ்ஸில் பழையகாயலில் இறங்கினேன். மார்க்கோ போலோ 'காயில்' என்று எழுதிவைத்த துறைமுகம் இந்த ஊர்தான் என்று பல வருஷமாக நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு இருக்கிறேன், ஆனால் ஒரு தடவைகூட நடந்து பார்த்ததில்லை.

கடலைத் தேடினால் கண்ணுக்கு எட்டிய வரை உப்பளம். பாத்தி பாத்தியாக வெள்ளை, அதற்கு அப்புறம் உடைமரம். அலைச் சத்தம்கூட இல்லை. வரப்பில் நின்ற ஒரு பெரியவரிடம் "அண்ணாச்சி, கடலுக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். கிழக்கே கையை நீட்டி, "அது கிடக்கு ரெண்டு மூணு கிலோமீட்டர், நடந்தா போவீய?" என்றார்.

எல்லாம் தாமிரபரணி செய்த வேலை. ஆறு வருஷா வருஷம் கொண்டுவந்து கொட்டிய மணலும் வண்டலும் முகத்துவாரத்தைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போனது. சங்கப் பாட்டுகளில் முத்துக்குப் பேர்போன கொற்கை இன்றைக்குக் கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, வயலுக்கு நடுவில் கிடக்கிறது. 1968-69இல் அங்கே தோண்டியபோது கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 வாக்கில் என்று கணித்தார்கள். கொற்கையில் கப்பல் நிற்க முடியாமல் போனதும் வணிகர்கள் முகத்துவாரத்தைப் பின்தொடர்ந்து காயலுக்கு வந்தார்கள். காயல் என்றாலே ஆறு கடலைத் தொடும் இடத்தில் நீர் தேங்கிக் கிடக்கிற கழிதான். அந்தக் கழியும் தூர்ந்தது. அப்புறம் புன்னைக்காயல், காயல்பட்டினம், கடைசியில் தூத்துக்குடி. கொற்கை அழிந்தது, காயல் அழிந்தது என்று எழுதுகிறவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. இடம்தான் மாறியது, தொழில் விட்டுப்போகவில்லை. ஒரே ஆற்றின் வாயில், அதே முத்தையும் சங்கையும் நம்பி, அடுத்த ஊர் பிழைத்தது.

காயலின் நல்ல காலம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம். 1290களில் மார்க்கோ போலோ இந்தப் பக்கம் வந்தபோது பாரசீக, அரபுக் கரைகளில் உள்ள ஹோர்முஸ், கிஷ், ஏடன் துறைகளிலிருந்து வருகிற கப்பல்கள் எல்லாம் இங்கே வந்து நிற்கும் என்றும், அவை குதிரை ஏற்றி வரும் என்றும் எழுதியிருக்கிறார். குதிரைதான் அன்றைக்குப் பெரிய சரக்கு. வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர், மாபாரும் குஜராத்துப் பக்கத்துக் கம்பாயத்தும் மற்ற துறைகளுமாகச் சேர்ந்து ஆண்டுக்கு 10,000 குதிரை வாங்கின காலம் உண்டு என்கிறார். மாபார் என்று அவர்கள் சொன்னது நம் பாண்டிய, சோழக் கரையை. ஒரு குதிரை 220 பொன் தீனார். வழியில் கடலில் செத்த குதிரைக்கும் அரசன் காசு கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம்! இங்கே வந்த குதிரைகளும் ரொம்ப நாள் தாங்கவில்லை. வெயில் ஒரு பக்கம், வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் போட்ட தீனி ஒரு பக்கம். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்களை வணிகர்கள் இங்கே வரவிடுவதில்லை என்றும் போலோ சொல்கிறார். குதிரை சாகச் சாகத்தானே அடுத்த கப்பல் வரும். மாணிக்கவாசகரிடம் பாண்டியன் பொன்னைக் கொடுத்துக் குதிரை வாங்க அனுப்பிய கதை இந்தக் கரையில் ஏன் இவ்வளவு ஆழமாக ஊன்றியது என்று இதைப் படித்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த ஆள் தக்கியுத்தீன். அவருடைய அண்ணன் ஜமாலுத்தீன் கிஷ் தீவின் பெரிய குதிரை வணிகர். தம்பி இங்கே பாண்டியரிடம் அமைச்சர், காயல் உட்பட மூன்று பட்டினங்கள் அவர் பொறுப்பில். அனுப்புகிற இடத்தில் அண்ணன், இறக்குகிற இடத்தில் தம்பி. கடல் வணிகம் என்றதும் நாம் ராஜாக்களின் கப்பல் படையைத்தான் பேசுகிறோம், எனக்கோ இந்த மாதிரிக் குடும்பங்களின் பேச்சும் நம்பிக்கையும் கணக்கும்தான் இரண்டு கரையையும் கட்டி நிறுத்தியதாகப் படுகிறது.

சரி, உப்பளத்துக்கு வருகிறேன். வரப்பு ஓரம் மண் சரிந்த இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு ஓட்டாஞ்சில்லு கிடந்தது. எச்சில் தொட்டுத் துடைத்தேன். இளம்பச்சை, வாழைக்குருத்து வாடினால் வருமே அந்த நிறம், மேலே கண்ணாடி மாதிரி வழவழப்பு, உடைந்த விளிம்பில் சாம்பல் நிற மண். கால்டுவெல் 19ஆம் நூற்றாண்டில் இந்த ஊரைச் சுற்றி வந்தபோதே சீனப் பீங்கான் துண்டுகளைப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார். என் கையில் இருந்ததும் அந்த வகைதான் என்று தோன்றியது. கிழக்கே சீனத்துச் சரக்கும் மேற்கே அரபுக் குதிரையும் சந்தித்த இடத்தில் நிற்கிறோம் என்று நினைத்தபோது உள்ளங்கை வேர்த்துவிட்டது.

பெரியவர் எட்டிப் பார்த்தார். "இதா? சின்னப் பிள்ளைல இதை வச்சுத்தான் நாங்க சில்லு விளையாடுவோம். வழுக்கிட்டு நல்லா போவும்" என்றார். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, அவர் காட்டிய பக்கம் நடக்க ஆரம்பித்தேன்.