சீகைக் கன்றுக்கும் ஒரு வரி

"அப்போ சீகை வந்த இடம்தான் ஒசத்தின்னு சொல்றீங்களா சார்?"

வாட்சர் அண்ணன் இதைக் கிண்டலாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்பது இன்றுவரை பிடிபடவில்லை. சீகை என்றால் இங்கே வாட்டில் மரம், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து மலைப் புல்வெளிகளில் பரவியது. சாப்பாட்டு நேரத்தில் சும்மா இருந்திருக்கலாம். புல்வெளியில் சதுரச் சட்டம் வைத்து, உள்ளே விழுந்த செடிகளை எண்ணியதைப் போனில் கணக்குப் போட்டு அவரிடம் காட்டினேன். நடுப் புல்வெளிச் சதுரங்களைவிட ஓரத்துச் சதுரங்களுக்கு ஷானன் எண், அதாவது இனப் பன்மையை அளக்கும் எண், அதிகம்.

கணக்கில் பிழையில்லை. எத்தனை இனம், அவை எவ்வளவு சமமாக இருக்கின்றன, இவ்வளவுதான் அந்த எண்ணுக்குத் தெரியும். இரண்டு இனம் சரிபாதியாக இருந்தால் 0.69. ஒன்றே நூற்றுக்குத் தொண்ணூறு பிடித்துக்கொண்டால் 0.33. எங்கள் நடுச் சதுரங்களில் ஓரிரு புல் இனங்களே பெரும்பகுதி. ஓரத்தில் சீகைக் கன்று, ஸ்காட்ச் புரூம் என்ற வெளிநாட்டுப் புதர், பெரணி, பாதையோரக் களை என்று எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். எண் ஏறத்தான் செய்யும். 1948-இல் ஷானன் அந்தச் சூத்திரத்தை எழுதியதே தொலைத்தொடர்புச் செய்திகளுக்காக. எந்தச் செடி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்று அதற்கு என்ன கவலை?

இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். "கணக்கு அப்படித்தாண்ணே வருது" என்றேன்.

அவர் டிபன் பாக்ஸை மூடிவிட்டு, முழங்கால் உயரக் கன்று ஒன்றை இரண்டு கையாலும் இழுத்தார். பட்டை உரிந்து வந்தது, வேர் அசையவில்லை. "இது மரமாயிட்டா, புல்லுக்குள்ள முட்ட வைக்கிற குருவி எங்க போகும்?" அவர் சொன்னது நீலகிரி நெட்டைக்காலியை. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளை விட்டால் அதற்கு வேறு இடமில்லை.

அறிக்கையில் மண்ணின் செடி, வந்த செடி என்று இரண்டாகப் பிரித்து எண் கொடுத்திருக்கலாம். கண்ணில் பட்ட எல்லா இனத்தையும் சேர்த்து ஒரே எண் என்பதுதான் முதலிலேயே எழுதிவைத்த முறை. முடிவு பிடிக்கவில்லை என்று பாதியில் முறையை மாற்றினால் அதற்குப் பெயர் அளவீடா? அதோடு, பழைய சீகை நிழலில் சோலை மரக் கன்றுகள் முளைப்பதையும் பார்த்திருக்கிறேன். இனப் பட்டியல் பின்னிணைப்பில் இருக்கிறது, வேண்டுமென்றவர் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, பின்னிணைப்பை யார் படிக்கிறார்கள்? நானே படிப்பதில்லை.

அடுத்த முறை போனபோது, சதுரச் சட்டத்தைப் புல்லில் வைத்துவிட்டு உள்ளே இருந்த சீகைக் கன்றைக் காட்டினார்.

"இதையும் எழுதணுமா சார்?"

எழுதினேன்.