டிஸ்க் இல்லாத சர்வர்கள்: ஓடும் நாட்குறிப்பு

மார்ச் 3

ரேக்கில் இருக்கும் சர்வர்களின் டிஸ்க்குகளை எல்லாம் கழற்றியாயிற்று. இனி பூட் ஆவதும் எழுதுவதும், நெட்வொர்க் வழியாக டிஸ்க் தரும் ஸ்டோரேஜ் ஹோஸ்ட்டின் தயவில்தான். கோப்புகளாகப் பகிரும் என்எஃப்எஸ்ஸா, நெட்வொர்க் வழியாக முழு டிஸ்க்கையே காட்டும் ஐஸ்கசியா என்று குழுவில் கொஞ்ச நேரம் வாக்குவாதம். என்எஃப்எஸ்ஸில் ரூட் (இயங்குதளம் இருக்கும் கோப்பமைப்பு) வைப்பது எளிது, மறுக்கவில்லை. ஆனால் இந்த சர்வர்களில் ஓடப்போவது கன்டெய்னர்கள் (தனித்தனியாக அடைத்து ஓட்டும் நிரல்கள்). அவற்றின் கோப்புகளை அடுக்கடுக்காகச் சேர்த்துக் காட்டும் ஓவர்லே எஃப்எஸ்ஸின் எழுதும் அடுக்கை என்எஃப்எஸ் மேல் வைக்க முடியாது. அதோடு பேச்சு முடிந்தது: ஐஸ்கசி.

மார்ச் 4

ஹோஸ்ட் பக்க வேலை. இசட்எஃப்எஸ் கோப்பமைப்பில் ஒரு மூல இமேஜ், அதன் ஸ்னாப்ஷாட்டிலிருந்து (உறைய வைத்த நகல்) சர்வருக்கு ஒரு க்ளோன் (எழுதக்கூடிய நகல்). க்ளோன் போட நொடிகூட ஆகவில்லை. மாறும் பிளாக்குகளுக்கு மட்டுமே இடம் போகும். ஒவ்வொரு லன்னும் (சர்வருக்கு டிஸ்க்காகத் தெரியும் க்ளோன்) ஒரே ஒரு இனிஷியேட்டர் பெயருக்குத்தான் (இணையும் சர்வரின் ஐஸ்கசி பெயர்) திறக்கும்படி பூட்டினேன். இதில் சலுகையே கூடாது. ஈஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் போன்ற கோப்பமைப்புகள் எல்லாம் தங்களைத் தவிர வேறு யாரும் அந்த டிஸ்க்கில் எழுதவில்லை என்று நம்புபவை. இரண்டு சர்வர் ஒரே லன்னை மவுன்ட் செய்து எழுதினால் கோப்பமைப்பு கந்தலாகிவிடும், அதுவும் சத்தமில்லாமல்.

மார்ச் 6

பூட் சங்கிலி. நெட்வொர்க் கார்டு, ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபியிடம் முகவரி கேட்கிறது, டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறை வழியாக ஐபிஎக்ஸ்இ என்ற பூட் நிரல் இறங்குகிறது, அது மறுபடி டிஎச்சிபியிடம் போகிறது, மறுபடி தன்னையே இறக்கிக்கொள்கிறது... முடிவில்லாத சுற்று. கேட்பது ஐபிஎக்ஸ்இ என்றால் ரூட் பாத் (ரூட் டிஸ்க் இருக்கும் இடம்) மட்டும் கொடு என்று டிஎச்சிபியில் ஒரு நிபந்தனை சேர்த்ததும் தீர்ந்தது. சில போர்ட்டுகளில் முகவரியே வரவில்லை. ஸ்விட்ச்சுகளுக்கிடையே சுற்று உண்டாகாமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ, போர்ட்டைத் திறக்க 30 விநாடி எடுக்கிறது, கார்டு அதுவரை காத்திருப்பதில்லை. அந்த போர்ட்டுகளை எட்ஜ் போர்ட்டாக (காத்திருக்காமல் உடனே திறப்பது) மாற்றினேன்.

மார்ச் 7

இன்றைய நாளை ஜம்போ ஃப்ரேம் (வழக்கமான 1500 பைட்டைவிடப் பெரிய நெட்வொர்க் பொதி) தின்றது. கர்னலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் (ரூட் கிடைக்கும்வரை நினைவகத்தில் ஓடும் தற்காலிகக் கோப்பமைப்பு) அழகாக ஏறின. ஐஸ்கசி லாகின் ஆனது, லன் தெரிந்தது. பார்ட்டிஷன் அட்டவணையைப் படிக்கப் போன இடத்தில் அப்படியே நின்றது. பிழைச் செய்தி உடனே வருவதில்லை என்பதுதான் எரிச்சல். சாதாரண பிங் (இணைப்பைச் சோதிக்கும் சிறு பொதி) போகிறது. துண்டாக்கக் கூடாது என்று சொல்லி 8972 பைட் பிங் அனுப்பினால் பதிலே இல்லை. தலைப்புகளுக்கான 28 பைட்டைக் கூட்டினால் சரியாக 9000. இரு முனைகளும் 9000 பேசுகின்றன, நடுவில் ஒரு ஸ்விட்ச் மட்டும் 1500-லேயே இருக்கிறது. பெரிய ஃப்ரேம்களை யாருக்கும் சொல்லாமல் கீழே போடுகிறது. ஐபிஎக்ஸ்இ 1500-ல் பேசியதால்தான் அதுவரை எல்லாம் சரியாகத் தெரிந்தது. ஜம்போவால் கிடைக்கும் லாபத்துக்கு இந்தத் தலைவலி தேவையா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

மார்ச் 11

ஸ்விட்ச் ஃபர்ம்வேர் புதுப்பிப்பு. ரூட் டிஸ்க் நெட்வொர்க்கில் இருக்கும்போது இது டிஸ்க் கேபிளைப் பிடுங்குவதற்குச் சமம். சர்வர் பக்கத்து ஐஸ்கசி மென்பொருளான ஓபன்-ஐஸ்கசியில் இணைப்பு அறுந்தால் காத்திருக்கும் நேரம் இயல்பாக 120 விநாடி. அதைத் தாண்டினால் பிழை மேலே போகும், ஈஎக்ஸ்டி4 ரூட் படிக்க மட்டும் என்று மாறிவிடும். முன்கூட்டியே 86400 என்று ஏற்றி, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் நோ-ஆப் சோதனையையும் நிறுத்தி வைத்தேன். ஸ்விட்ச் திரும்பி வரும்வரை சர்வர்கள் உறைந்து நின்றன. பிறகு விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தன, லாகில் சில வரிகள் தவிர வேறொன்றும் இல்லை.

மார்ச் 13

இரண்டு சர்வருக்கு ஒரே ஐபி. க்ளோன்களின் மெஷின்-ஐடி (இயங்குதளத்தின் அடையாள எண் இருக்கும் கோப்பு) ஒன்றாக இருந்ததால் டிஎச்சிபிக்கு இருவரும் ஒருவரே. மூல இமேஜில் அந்தக் கோப்பைக் காலி செய்து, தொலைவிலிருந்து நுழைவதற்கான எஸ்எஸ்எச் சாவிகளையும் முதல் பூட்டில் உருவாக்கச் சொல்லியாயிற்று.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பூட் செய்து பார்த்தேன். ஹோஸ்ட் திணறும் என்று நினைத்தேன், இல்லை. க்ளோன்கள் பகிரும் பிளாக்குகள் நினைவகத்தில் ஒருமுறை ஏறினால் போதும், டிஸ்க் விளக்குகள் சீக்கிரமே அடங்கிவிட்டன. அடுத்தது இரண்டாம் ஸ்விட்ச் வழியாக மல்டிபாத் (ஒரே டிஸ்க்குக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள்).