மரத்திலும் தோலிலும் டயோடு லேசர்: பிறர் எண்களை நம்பி இழந்த மூன்று வாரங்கள்

ஒளிக்கற்றையால் மரத்தையும் தோலையும் சுட்டு எழுத்துப் பொறிக்கும் டயோடு லேசர் இயந்திரத்தின் பாகங்களைப் பொருத்தி நிறுத்தியது ஒரு மாலை வேலை. அதில் தெளிவான எழுத்தைப் பொறிக்க அதன் பிறகு மூன்று வாரங்கள் பிடித்தன. பிறர் எழுதி வைத்த எண்களை என் இயந்திரத்துக்கும் பொருந்தும் என்று நம்பியதால்தான் அவற்றில் பெரும்பகுதி வீணாயிற்று.

முதல் தவறு அலகில் நடந்தது. ஒட்டுப்பலகைக்கு வேகம் 100, திறன் 60 விழுக்காடு என்று ஓர் அட்டவணையில் கண்டு, அப்படியே இட்டேன். லேசர் முனை நத்தை போல ஊர்ந்தது. எழுத்து விழ வேண்டிய இடத்தில் கரிப்பள்ளம் விழுந்தது. அட்டவணையை எழுதியவர் நொடிக்கு 100 மில்லிமீட்டர் என்ற கணக்கில் எழுதியிருந்தார். என் மென்பொருளோ நிமிடக் கணக்கில் வேகத்தைக் கேட்டது. நொடிக்கு 100 என்றால் நிமிடத்துக்கு 6000. அறுபது மடங்கு மெதுவாக ஓட்டிவிட்டுப் பலகையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேகத்தை 6000 ஆக்கியதும் நேர்மாறான சிக்கல் வந்தது: பலகையில் ஒரு தடமும் விழவில்லை. திறனை 100 விழுக்காட்டுக்கு உயர்த்தியும் மங்கலான நிழல்தான் தெரிந்தது. விற்றவரிடம் கேட்டபோது, வில்லையைத் துடைக்கச் சொன்னார், துடைத்தேன். ஃபோகஸைச் சரிபார்க்கச் சொன்னார், சரியாகவே இருந்தது. பிறகு லேசர் முனையையே மாற்ற வேண்டியிருக்கும் என்றார். இந்தக் கேள்வி பதிலிலேயே ஒரு வாரம் போயிற்று.

உண்மைக் காரணம் மென்பொருளின் ஓர் ஓரத்தில் இருந்தது. ஜிஆர்பிஎல் (இயந்திரத்தின் அசைவை ஆளும் உள்மென்பொருள்) ஓடும் மின்சுற்றுப் பலகைகளில் முழுத் திறனைக் குறிக்கும் உச்ச எண் ஒன்று உண்டு. என் இயந்திரத்தில் அது 1000. மென்பொருளிலோ 255 என்று இருந்தது. நான் 100 விழுக்காடு கேட்டபோதெல்லாம் இயந்திரம் ஏறத்தாழ 25 விழுக்காட்டைத்தான் கொடுத்திருக்கிறது. மென்பொருளிலும் 1000 ஆக்கிய நொடியில், முனையை மாற்றும் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. புதிதாக வாங்குபவர்கள் வேறு எதைத் தொடும் முன்பும் இந்த இரண்டு எண்களும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

அதன் பிறகும் அட்டவணை சொன்ன நிறம் வரவில்லை. பெட்டியின் மேல் 40 வாட் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அது இயந்திரம் எடுத்துக்கொள்ளும் மின்திறன் என்பதும், வெளியேறும் நீல ஒளியின் திறன் 5.5 வாட் மட்டுமே என்பதும் கையேட்டின் உள்பக்கத்தில்தான் இருந்தன. அட்டவணையோ 10 வாட் ஒளித்திறன் கொண்ட இயந்திரத்துக்கு எழுதப்பட்டது. அங்கே 60 விழுக்காடு என்றால் 6 வாட், என்னிடம் 3.3 வாட். ஆகவே அலகு, ஒளித்திறன், வரி இடைவெளி (லேசர் வரி வரியாக ஓடும்போது அடுத்தடுத்த வரிகளுக்கு இடையிலுள்ள தூரம்) ஆகிய மூன்றையும் சொல்லாத அட்டவணையை நான் இப்போது திறப்பதே இல்லை.

பிறகு எனக்கென ஒரு சோதனைக் கட்டத்தைப் பொறித்தேன்: மேலிருந்து கீழாக வேகம், இடமிருந்து வலமாகத் திறன், ஒவ்வொன்றும் ஒரு சிறு சதுரம். என் பலகைக்கு 3000 வேகத்தில் 80 விழுக்காடு நல்ல அடர்பழுப்பைக் கொடுத்தது. அதே எண்ணில் பைன் மரத்தில் ஆண்டு வளையங்களுக்கு இடையிலுள்ள மென்மையான பகுதி ஆழமாக எரிந்து, அடர்த்தியான வரி வெளிறி நின்றது. எந்த எண்ணாலும் அதை முழுமையாகச் சமன்செய்ய முடியவில்லை. எழுத்தின் மூலைகளில் விழுந்த கருமைக்குக் காரணம், முனை திரும்பும்போது வேகம் குறைந்தும் திறன் குறையாததே. எப்போதும் ஒரே திறனில் எரிக்கும் எம்3 கட்டளைக்குப் பதிலாக, வேகத்துக்கேற்பத் திறனைக் குறைக்கும் எம்4 கட்டளையைத் தேர்ந்ததும் அது மறைந்தது. புகைக்கறைக்கு மாஸ்கிங் டேப் ஒட்டினால் போதும்.

தோல் விஷயத்தில் பட்ட ஏமாற்றம் இன்னும் ஆறவில்லை. அசல் தோல் என்று சொல்லித் தந்த துண்டில் லேசர் பட்டவுடன் மூக்கை அரிக்கும் நெடி எழுந்தது, உடனே நிறுத்தினேன். செம்புக் கம்பியைச் சூடாக்கி அந்தத் துண்டில் தொட்டு, மீண்டும் சுடரில் காட்டியபோது சுடர் பச்சையாயிற்று. குளோரின் கலந்த பொருள், அதாவது பிவிசி ரெக்சின். அதை எரித்தால் வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் இயந்திரத்தின் உலோகப் பாகங்களையும் சேர்த்தே அரிக்கும். இந்தச் சோதனையைத் திறந்த வெளியில், மிகச் சிறிய துணுக்கைக் கொண்டு மட்டும் செய்யுங்கள். அடுத்து வந்த துண்டு உண்மையான தோல்தான், ஆனால் வெட்டிய ஓரம் நீலச் சாம்பல் நிறத்தில் இருந்தது. அது குரோமியத்தால் பதனிட்டதன் அறிகுறி; அப்படிப்பட்ட தோல் கருகும்போது நச்சுத்தன்மை மிக்க குரோமியச் சேர்மம் உருவாகும் அபாயம் இருப்பதால் அதையும் ஒதுக்கினேன். தாவரச் சாற்றால் பதனிட்ட தோல் கைக்கு வந்தது மூன்றாம் முறைதான்.

மரத்துக்குரிய 80 விழுக்காட்டில் அந்தத் தோல் சுருங்கி ஓரம் மேலே வளைந்தது. வளைந்த இடத்தில் ஃபோகஸும் தவறியது. மீண்டும் ஒரு சோதனைக் கட்டம் பொறித்ததில், அதே 3000 வேகத்தில் 35 விழுக்காடு போதுமென்று தெரிந்தது. ஈரப் பஞ்சால் மேற்பரப்பை லேசாக நனைத்துக்கொண்டால் கருகல் இன்னும் குறைகிறது. நிறம் ஏற்றிய தோலுக்கு எண் மாறும்; ஒவ்வொரு தோலுக்கும் அதன் ஓரத்துண்டில் தனிச் சோதனை வேண்டும்.

கடைசியாக மிஞ்சியது வரி இடைவெளி. நெருக்கமாக இருந்தால் அழகாக வரும் என்று 0.05 மில்லிமீட்டர் வைத்திருந்தேன். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒரே இடம் இருமுறை எரிந்து, சிறிய ழகரத்தின் சுழி கரியால் அடைபட்டது. 0.1 மில்லிமீட்டருக்கு, அதாவது அங்குலத்துக்கு 254 வரிகளுக்கு, மாற்றி, அதே அளவில் மறுபடியும் பொறித்தேன். ஈரத்துணியால் கரியைத் துடைத்தபோது பழுப்பு நிற ழகரம் தெரிந்தது. சுழிக்குள் தோல் தன் இயல்பான நிறத்திலேயே இருந்தது. அந்தத் துண்டின் பின்புறத்தில் 3000, 35, 0.1 என்று பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்.