மச்சினன் படகுக்கு இரண்டடி

பழைய ஃபைபர் படகில் கனமான எஞ்சினை மாட்டினால் பின்பக்கம் தாழும். சோனாங்குப்பத்தில் என் மச்சினன் படகுக்கும் அதுதான் ஆனது. டூ ஸ்ட்ரோக்கை எடுத்துவிட்டு 40 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கினான். எடை நூறு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. வேகம் எடுத்தால் அணியம் (படகின் முன்முனை) தூக்கிக்கொண்டு நிற்கும், சட்டென்று நிறுத்தினால் பின்னால் வரும் அலை எஞ்சின் மாட்டும் பின்பலகையைத் தாண்டி உள்ளே விழும். விற்றுவிடட்டுமா என்று கேட்டான். பின்னால் இரண்டடி நீட்டிவிடலாம் என்றேன்.

நான் கடலூர் சிப்காட்டில் அமிலத் தொட்டிகளுக்கு ஃபைபர் லைனிங் போட்டுப் பழகியவன். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமரம் குறைந்து ஃபைபர் படகு பெருகியது. அவற்றில் பல, உடம்பு நன்றாக இருக்கும்போதே ஓரமாகக் கவிழ்த்துப் போடப்பட்டுக் கிடக்கின்றன. அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்காது.

முதலில் கணக்கு. இரண்டடி என்றால் 60 செ.மீ. பின்பக்க அகலம் ஒன்றரை மீட்டர், தண்ணீரில் மூழ்குவது 25 செ.மீ. என்று வைத்தால் 225 லிட்டர் இடம். அடிப்பாகம் வி வடிவம், மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 150. அதாவது எங்கே படகு தாழ்கிறதோ அங்கேயே 150 கிலோவுக்குக் குறையாத மிதப்பு கிடைக்கிறது. புதுப் பகுதியின் எடையும் எஞ்சின் இன்னும் பின்னால் தள்ளிப்போவதும் இதில் கொஞ்சம் தின்னும். அப்படியும் லாபம்தான்.

“ஏன் மாமா, நடுக்கடல்ல ஒட்டு விட்டுப்போச்சுன்னா?” என்று மச்சினன் கேட்டான். நியாயமான கேள்வி. இந்த வேலையில் கேட்க வேண்டிய ஒரே கேள்வியும் அதுதான்.

ஃபைபர் இழைகளை ஒட்டி இறுக வைக்கும் பிசின்தான் ரெசின். இறுகிப்போன பழைய ரெசினோடு புது ரெசின் கரைந்து ஒன்றாகாது, கவ்விப் பிடிக்க மட்டுமே செய்யும். அதனால் பிடிப்புக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெயிண்ட், அதன் அடியில் உள்ள வழவழப்பான மேல்பூச்சான ஜெல்கோட் இரண்டையும் முழுக்கச் சுரண்டி, உள்ளே இருக்கும் ஃபைபர் தெரிகிற வரைக்கும் போக வேண்டும். அப்புறம் கிரைண்டரில் 36 நம்பர் டிஸ்க் போட்டுச் சரிவாகத் தேய்க்க வேண்டும். கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு நீளத்துக்குச் சரிவு. எங்கள் படகின் அடிப்பாகம் 8 மி.மீ. கனம், ஆகவே பத்து செ.மீ. அகலத்துக்குத் தேய்த்தோம். மொத்த வேலையில் பாதி இந்தத் தேய்ப்புதான். இதில் அவசரப்படுகிறவர் படகைத் தொடாமல் இருப்பது நல்லது.

தேய்த்த இடத்தை அசிட்டோனால் துடைத்தபின் வெறும் கை படக் கூடாது. ஃபைபர் அரிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த எண்ணெய் ஒரு சொட்டு பட்டாலும் அங்கே ஒட்டு பிடிக்காது. முழுக்கை சட்டையும் உறையும் போதும்.

அடுத்தது நேர்கோடு. நீட்டிய அடிப்பாகம் பழைய அடியோடு ஒரே கோட்டில் போக வேண்டும். கடைசியில் கீழே இறங்கினால் அணியம் அமுங்கும், மேலே வளைந்தால் ஓடும்போது படகு குதிக்கும். அதற்காக, மைக்கா ஒட்டிய பிளைவுட் பலகைகளைப் பழைய அடியில் கிளாம்ப் போட்டு இறுக்கி, பின்னால் இரண்டடி நீட்டி வைத்தோம். அதுவே மோல்டு. கொத்தனார் மட்டப்பலகையை வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். நீட்டிய பகுதியில் மட்டும் மெழுகு தடவினோம், ஒட்டு வரும் இடத்தில் அதன் வாடையே கூடாது.

ஒட்டுக்குச் சாதாரண பாலியெஸ்டர் வேண்டாம் என்று வினைல் எஸ்டர் ரெசின் வாங்கினேன். அமிலத் தொட்டிகளில் அது தாங்குவதைப் பார்த்தவன் நான். விலை அதிகம், இந்த இடத்தில் கஞ்சத்தனம் கூடாது. பழைய ஃபைபர்மேல் முதல் அடுக்கு எப்போதும் 450 மேட் (வெட்டிய இழைகளைப் பரப்பிய விரிப்பு), அதன்மேல் 600 ரோவிங் (இழைகளை நெய்த துணி), மறுபடி மேட். எண்கள் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது. மேட் தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ரெசின் குடிக்கும், ரோவிங்குக்கு அதன் எடைக்குச் சரிசமம் போதும். ஒரே மூச்சில் மூன்று நான்கு அடுக்குக்கு மேல் போடக் கூடாது, சூடேறிச் சுருங்கிவிடும்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னரையும், அதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் நேரடியாகச் சேர்த்துவிடாதீர்கள், வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்துவிட்டு, பிறகுதான் ஹார்ட்னர், ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 மி.லி. ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் ரெசின் சீக்கிரம் இறுகும். பனி காய்ந்தபின் காலையில் ஆரம்பித்து, வெயில் உறைக்கும் முன் நிறுத்திவிடுவோம்.

எஞ்சின் மாட்டும் புதுப் பலகைக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட், 18 மி.மீ. இரண்டை ஒட்டினோம். விளிம்பு முழுக்க ரெசின் குடிக்கவைத்தோம். போல்ட் ஓட்டைகளைப் பெரிதாகத் துளைத்து, ரெசின் பட்டியால் அடைத்து, அதன் நடுவில் மறுபடி துளைத்தோம். பலகை அழுகுவது பெரும்பாலும் அந்த ஓட்டை வழியாகத்தான். பழைய பலகையையும் சுத்தியல் காம்பால் தட்டிப் பாருங்கள். சத்தம் மொத்தென்று கேட்டால் முதலில் அதை மாற்ற வேண்டும். எங்களுடையது கணீரென்று இருந்தது, அப்படியே உள் தடுப்பாக விட்டுவிட்டோம்.

எஞ்சின் தள்ளுவது முழுவதும் இப்போது ஒட்டு வழியாகத்தான் படகுக்குப் போகும். அதனால் வெளியே மட்டும் பூசி முடிக்காமல், உள்ளே இரு பக்கமும் புதுப் பலகையிலிருந்து பழைய பலகைவரை முட்டுக் கொடுத்து, அதற்கு நேராக முன்பக்கத்தில் பழைய பலகையை நெடுக்குச் சட்டங்களோடு சேர்த்து ஃபைபர் போட்டோம். புது அறைக்குத் தண்ணீர் வடிக்கும் திருகு மூடியும் கை நுழையும் மூடியும் உண்டு.

முகத்துவாரத்தில் ஓட்டிப் பார்த்தபோது அணியம் சீக்கிரமே இறங்கிவிட்டது. நிறுத்தினால் பலகைக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கிறது. மச்சினன் இப்போதும் மாதம் ஒருமுறை படகைக் கரையேற்றி, ஒட்டின்மேல் மயிரிழை விரிசல் உண்டா என்று விரல் நகத்தால் தடவிப் பார்க்கிறான், அதை விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நீங்களும் நீட்டுவதாக இருந்தால், பதிவுச் சான்றில் நீளத்தை மாற்றுவது பற்றி மீன்வளத் துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.